சண்டைக்குப் பறக்கும் பிள்ளைக்கு அங்கே யார் துணை?



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பால்மரம் வெட்டும் ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதானே பேப்பர்ல எழுதுறவங்க? ஒரு சந்தேகம் கேக்கணும். எம் மவன் வெளிநாட்டுக்குப் போறேங்கிறான்."

"நல்லதுதானேம்மா. என்ன வேலைக்கு?"

"வேலைக்கு இல்லண்ணே, சண்டைக்கு."

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மகனுக்கு வயது 22. பகலில் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சிக்கூடம். உள்ளூரில் நாலைந்து சண்டைகளில் ஜெயித்திருக்கிறான். இப்போது பாங்காக்கில் ஒரு சண்டைக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"டிக்கெட் அவங்களே போடுறாங்களாம். ரூமு, சாப்பாடு எல்லாம் அவங்க செலவாம். அதெல்லாம் நல்லா சொல்றான். அங்க அடிபட்டு விழுந்தா யாருடா பாப்பான்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

கேள்வி நியாயமானது. நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோன வீடுகளிலும் இன்று பல இளைஞர்கள் இந்தப் பயிற்சியில் இருக்கிறார்கள். ஆகவே அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இது என்ன சண்டை?

கலப்புத் தற்காப்புக் கலை என்பது இதன் பெயர். பையன்கள் எம்.எம்.ஏ. என்பார்கள். குத்துச்சண்டையில் கையால் மட்டும்தான் அடிக்கலாம். மல்யுத்தத்தில் பிடிக்கலாம், அடிக்கக் கூடாது. இதிலோ குத்து, உதை, முழங்கால் இடி, தூக்கிப்போடுதல், தரையில் கிடத்திக் கை கால்களை மடக்குதல், கழுத்தை நெரித்துப் பிடித்தல் எல்லாமே உண்டு. பார்ப்பவருக்குத் தெருச்சண்டை போலத் தோன்றும். ஆனால் விதிகள் இருக்கின்றன.

1993 நவம்பர் 12-ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் இதன் முதல் பெரிய போட்டி நடந்தபோது விதிகள் மிகக் குறைவு. எடைப் பிரிவுகூடக் கிடையாது. பிறகுதான் ஒழுங்குகள் வந்தன. இப்போது கண்ணைக் குத்துவதும், கடிப்பதும், பின்மண்டையில் அடிப்பதும், உயிர்நிலையில் தாக்குவதும் தடை. ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். சாதாரணச் சண்டைக்கு 3 சுற்று, பட்டத்துக்கானதற்கு 5 சுற்று. கையுறை சுமார் 113 கிராம்தான். குத்துச்சண்டைக் கையுறையில் பாதி, அல்லது அதற்கும் குறைவுதான். பிடியில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை தட்டினால் போதும், ஆட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். தட்டுவதில் வெட்கம் இல்லை. நல்ல வாத்தியார் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

நம்மவர் ஒருவர்

இத்துறையில் கடல் கடந்து பெயர் வாங்கிய நம்மவர் ஒருவரை இங்கே சொல்லத்தான் வேண்டும். கோலாலம்பூரைச் சேர்ந்த அகிலன் தாணி. 1995-இல் பிறந்தவர். சிறு வயதில் மிகவும் பருமனாக இருந்தவர், பயிற்சியால் உடம்பைக் குறைத்து, கலையைக் கற்று, களத்தில் ஏறினார்.

2017 மே 26-ஆம் தேதி சிங்கப்பூர் உள்ளரங்கத்தில், ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தின் உலகப் பட்டத்துக்காக அவர் மோதினார். எதிரே நின்றவர் அமெரிக்காவின் பென் அஸ்க்ரன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். இத்துறையில் அதுவரை தோல்வியே காணாதவர். நம் பையனும் அதுவரை தோற்றதில்லை, ஆனால் வயது 21தான். முதல் சுற்றில் 2 நிமிடம் 20 விநாடியில், கையோடு சேர்த்துக் கழுத்தை இறுக்கும் பிடியில் ஆட்டம் முடிந்தது. அகிலன் தோற்றார்.

அதோடு கதை முடியவில்லை. 2019 ஜூன் 15-ஆம் தேதி சீனாவின் ஷாங்ஹாய் நகரில் ஜப்பானின் யோஷிஹிரோ அகியாமாவைச் சந்தித்தார். 2002-இல் பூசானில் நடந்த ஆசிய விளையாட்டில் ஜூடோவில் தங்கம் வென்றவர் அகியாமா. மூன்று சுற்றும் முழுதாக நடந்தது. மூன்று நடுவர்களும் அகிலன் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

சிங்கப்பூரில் தோற்றவர் ஷாங்ஹாயில் ஜெயித்தார் என்றால், இடையில் அவர் உடம்பு பத்திரமாக இருந்தது என்று பொருள். திறமை அவருடையது. ஆனால் உடம்பைப் பத்திரமாக வைப்பதற்கு விதியும் மருத்துவரும் சரியான நிறுவையும் வேண்டும். அந்த நிறுவை விதி எப்படி வந்தது என்பதுதான் பெற்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மணிலாவில் போன உயிர்

நிறுவை என்றால் நமக்குப் புதிதில்லை. பால் எடுக்கும் தோட்டங்களில் ஸ்டோருக்கு வாளியைக் கொண்டுபோனால், கிராணி நிறுத்துப் பார்ப்பதோடு விடுவதில்லை. மாதிரி எடுத்து, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்க்கிறார். ஏனென்றால் தராசுக்குப் பாலும் தண்ணீரும் ஒன்றுதான்.

சண்டைக்காரன் இதையே தலைகீழாகச் செய்கிறான். வாளியில் தண்ணீர் சேர்ப்பதற்குப் பதிலாக உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கிறான். சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்பது வழக்கம். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் எடை குறைந்திருந்தால் போதும் என்று, தன்னைவிடச் சிறிய ஆட்களின் பிரிவில் நுழையப் பார்க்கிறான். உப்பை நிறுத்துகிறான், சோற்றை நிறுத்துகிறான், கடைசியில் தண்ணீரையும் நிறுத்துகிறான். வெந்நீர்த் தொட்டியில் உட்காருகிறான். பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஒரு லிட்டர் வியர்வை போனால் ஒரு கிலோ குறையும். எடை பார்த்து முடிந்ததும் மறுநாளைக்குள் குடித்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

உச்சி வெயிலில் நிரையில் நின்று வேலை செய்தவர்களுக்கு உடம்பு வற்றுவது என்றால் என்ன என்று தெரியும். தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும், சிறுநீர் மஞ்சளாகி எரியும். அதற்கு மேலும் வற்றினால் இரத்தம் கெட்டிப்படும். சிறுநீரகம் திணறும். தசை சிதையத் தொடங்கும். இதயம் தாளம் தப்பும். அந்த உடம்போடு மறுநாள் தலையில் குத்து வாங்கினால் மூளைக்கும் ஆபத்து அதிகம்.

சீன நாட்டு இளைஞர் யாங் ஜியான்பிங். வயது 21. 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக மணிலாவுக்குப் போனார். 56.7 கிலோ பிரிவில் சண்டை. எடையைக் குறைத்துக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 11-ஆம் தேதி, அவர் மோத வேண்டிய நாளன்றே, இதயமும் நுரையீரலும் செயலிழந்து உயிர் பிரிந்தது. எதிராளி அவரைத் தொடவே இல்லை. களத்தில் அவர் ஏறவே இல்லை.

அதன் பிறகுதான் அந்நிறுவனம் உடம்பை வற்றவைத்து எடை குறைப்பதற்குத் தடை போட்டது. 56.7 கிலோவாக இருந்த பிரிவின் எல்லை 61.2 ஆனது, 77.1 கிலோவாக இருந்தது 83.9 ஆனது. எடை பார்ப்பதோடு சிறுநீரையும் சோதித்து, உடம்பில் போதிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் முறையும் வந்தது. நம் ஸ்டோரில் பாலைச் சோதிப்பது போலத்தான். அகிலன் சிங்கப்பூரில் பட்டத்துக்கு மோதியது இதற்கு 17 மாதங்கள் கழித்து, இந்தப் புதிய விதியின் கீழ்.

ஆனால் எல்லா ஏற்பாட்டாளர்களும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. முதல் நாள் தராசில் ஏற்றிப் பார்ப்பதோடு விட்டுவிடும் போட்டிகள் உலகெங்கும் உண்டு.

டப்ளினில் போன உயிர்

இன்னொரு செய்தி. போர்ச்சுகல் நாட்டு வீரர் ஜுவாவ் கார்வாலோ, வயது 28. அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சண்டைக்குப் போனார். 2016 ஏப்ரல் 9-ஆம் தேதி மூன்றாவது சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்; கார்வாலோ தோற்றார். பார்த்தவர்களுக்கு வழக்கமான தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து உடம்பு சரியில்லை என்றார். மருத்துவமனையில் மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி இறந்துபோனார். அந்த நாட்டில் அப்போது இவ்விளையாட்டைக் கட்டி மேய்க்க அங்கீகாரம் பெற்ற அமைப்பு எதுவும் இல்லை.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடக்கிறார், பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார் என்பதற்காக "ஒன்னும் இல்ல" என்று விட்டுவிடக் கூடாது. மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, சில நிமிடத்திலும் ஆளைச் சாய்க்கலாம், சில மணி நேரம் கழித்தும் சாய்க்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இரண்டு கண்பாவைகளும் ஒரே அளவில் இல்லாமல் போவது, வலிப்பு ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது சண்டைக்காரருக்கு மட்டுமல்ல. செம்பனைக் குலை தலையில் விழுந்தவருக்கும், மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்தவருக்கும், தோட்டத் திடலில் பந்து விளையாடி மோதிக்கொண்ட பையனுக்கும் இதே விதிதான்.

கூலிக்கணக்கு

தோட்டத்தில் வேலை நேரத்தில் அடிபட்டால் சொக்சோ இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பணம் வரத் தாமதமாகலாம், அலைய வேண்டியிருக்கலாம். ஆனாலும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. சண்டைக்குப் போகிறவன் பெரும்பாலும் யாருக்கும் தொழிலாளி அல்ல. ஒரு சண்டைக்கு ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். சேமநிதி கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது.

பல போட்டிகளில் சம்பளம் இரண்டு துண்டாக வரும். களத்தில் ஏறினால் ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை. எடை கூடுதலாக இருந்தால் சம்பளத்தில் 20 அல்லது 30 விழுக்காட்டைப் பிடித்து எதிராளிக்குக் கொடுப்பதும் பல இடங்களில் வழக்கம். பயிற்சியாளருக்கும் தரகருக்கும் பங்கு உண்டு. சில நாடுகளில் வரியும் பிடிப்பார்கள். கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்பதைப் போவதற்கு முன்பே கூட்டிப் பார்க்க வேண்டும். உடைந்த கையோடு திரும்பி வந்து, மூன்று மாதம் தொழிற்சாலை வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தால், அந்தச் சம்பள நட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

பெற்றவர்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் எடை என்ன? பையனின் இன்றைய எடை என்ன? சண்டைக்கு இன்னும் எத்தனை நாள்? உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிப்பார்களா, வெறும் தராசு மட்டும்தானா?

2. களத்தருகே மருத்துவர் இருப்பாரா? ஆம்புலன்ஸ் நிற்குமா? மூளை அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை எவ்வளவு தூரம்? போவதற்கு முன் இரத்தச் சோதனை, கண் சோதனை, இதயச் சோதனை கேட்கிறார்களா? எதையும் கேட்காத ஏற்பாட்டாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

3. காப்புறுதி இருக்கிறதா? எவ்வளவு வரை? சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் தொழில்முறைச் சண்டையில் பட்ட அடிக்குப் பணம் தராது. ஆகவே "இன்சூரன்ஸ் இருக்கு" என்ற வாய்ப்பேச்சு போதாது. தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

4. கூடவே யார் போகிறார்கள்? சொந்தப் பயிற்சியாளர் மூலையில் நிற்பாரா? எதிராளி யார், எத்தனை சண்டை போட்டவர்? கடைசி நேரத்தில் ஆளை மாற்றினால் மறுக்க உரிமை உண்டா? போதும் என்று துண்டை எறிய, பையனை நேசிக்கும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

5. ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா? எந்த அனுமதியில் அந்த நாட்டுக்குள் நுழைகிறான்? கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. 2022-இல் வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மாட்டிக்கொண்ட மலேசிய இளைஞர்களின் கதையை மறந்துவிடாதீர்கள்.

"இதெல்லாம் கேட்டா புள்ள மனசு ஒடைஞ்சிடுமே" என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். கேள்வி கேட்பது தடுப்பதாகாது. நல்ல ஏற்பாட்டாளர் இவற்றுக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்வார்.

அந்தப் பையன் என்ன செய்தான்?

திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒப்பந்தம். நான்கு பக்கம், ஆங்கிலத்தில். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

எடை 61.2 கிலோ என்று போட்டிருந்தது.

"நீ இப்ப எவ்ளோப்பா?"

"68, அங்கிள்."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினொரு நாள்."

தண்ணீர்ச் சோதனை பற்றி ஒரு வரியும் இல்லை. மருத்துவமனை பற்றியும் இல்லை. மூன்றாம் பக்கத்தின் கடைசியில், காயத்துக்கோ மரணத்துக்கோ ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல என்று மட்டும் இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் இப்படித்தான் எடை குறைக்கிறாங்க அங்கிள். இத விட்டா சான்ஸ் திரும்ப வராது" என்றான் பையன். அவன் சொன்னதில் பாதி உண்மை. நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. அதனால்தான் வந்த வாய்ப்பில் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரும் வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்தவர்கள்தாம். நமக்கு வாசிக்கத் தெரியும். அப்படியிருந்தும் வாசிக்காமல் போடலாமா?

யாங் ஜியான்பிங் கதையைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேட்டு முடித்ததும் வாசலில் போய் நின்று தன் பயிற்சியாளருக்குத் தொலைபேசினான். பயிற்சியாளர் ஏற்பாட்டாளரிடம் மேல்பிரிவு எடை கேட்டார். காப்புறுதியை எழுத்தில் கேட்டார். எடையை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. காப்புறுதி பற்றிப் பதிலே வரவில்லை. பயிற்சியாளர் பயணத்தை நிறுத்திவிட்டார்.

போன வாரம் அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"கோவமாத்தாண்ணே இருக்கான். எங்கிட்ட சரியா பேசறதில்ல. பயிற்சிக்கு மட்டும் ஒரு நாள் தவறாம போறான். அவன் எடைக்கே கோலாலம்பூர்ல ஒரு சண்ட பேசிக்கிட்டு இருக்காங்களாம்." காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: "கோவம் இருந்தா இருக்கட்டும். வீட்ல இருக்கான்ல."

தோட்டத்துப் பிள்ளை உலக மேடையில் ஏற வேண்டும். அதில் நமக்கெல்லாம் பெருமைதான். கோயில் திடலில் சிலம்பம் சுற்றிய பரம்பரைக்கு வீரத்தில் குறைவில்லை. ஆனால் ஏறும் முன் தராசு, மருத்துவர், துணைக்கு ஆள், காப்புறுதி, கடப்பிதழ் ஆகிய ஐந்தும் சரியாக இருக்கின்றனவா என்று வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும். பையன் கேட்க மாட்டான். அவன் வயது அப்படி. பெற்றவர்கள் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் தோட்டத்து ஆசிரியரிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு இருக்கட்டும்.